திராவிட நாட்டைக் கைவிட்டது சரியா?

"அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்று மேடைதோறும் முழங்கிய திராவிட முன்னேற்றக் கழகம் (தி.மு.க.), 1963 நவம்பர் 3 அன்று பொதுக்குழுவைக் கூட்டித் தன் சட்டதிட்டத்தின் இரண்டாவது விதியைத் திருத்தியது. தனிநாடு என்ற இலக்கு போயிற்று. இந்திய ஒருமைப்பாட்டுக்கும் அரசியல் சட்டத்துக்கும் உட்பட்டு, தென்னகத்தின் நான்கு மாநிலங்களும் கூடுதல் அதிகாரம் பெற்று நெருங்கிய கூட்டாக இயங்குவது என்ற புது இலக்கு அந்த இடத்துக்கு வந்தது. பதினான்கு ஆண்டு முழக்கம் ஒரு விதித் திருத்தத்தோடு முடிந்தது.

அன்று முதல் இந்த முடிவைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் உலவுகின்றன. பதவிக்காகக் கொள்கையை விற்றார்கள் என்பது ஒன்று. கட்சியை வழிநடத்திய அண்ணாவின் ராஜதந்திரம் என்பது மற்றொன்று. இரண்டுமே முடிவெடுத்தவரின் மனத்துக்குள் நுழைந்து பார்க்க முயல்பவை. அவருடைய மனம் நமக்கு எட்டாது. கைவிடப்பட்ட லட்சியம் அப்போது எந்த நிலையில் இருந்தது, வேறு வழி இருந்ததா, கைவிட்டதன் பயனாகக் கிடைத்ததை வைத்துக் கட்சி என்ன செய்தது என்பவை எட்டும். அவற்றைக் கொண்டுதான் இதை எடைபோட வேண்டும்.

திராவிட நாடு கோரிக்கை எழுந்த காலத்தில் சென்னை மாகாணத்துக்குள் தமிழரோடு தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் இருந்தார்கள். ஒரே மாகாணம், ஒரே சட்டமன்றம். நீதிக்கட்சித் தலைவர்களிலேயே தெலுங்கர் பலர். அந்த நிலப்பரப்பில் அந்தக் கோரிக்கைக்கு ஓர் உருவம் இருந்தது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மலபார் கேரளத்தோடும் தென் கன்னடம் மைசூரோடும் சேர்ந்தன. மொழிவழி மாநிலம் கிடைத்த மற்ற மூன்று மக்களும் சென்னையிலிருந்து வந்த பொதுநாட்டு அழைப்புக்குச் செவிசாய்க்கவில்லை. தி.மு.க. அந்த மாநிலங்களில் வேர்விடவே இல்லை. நான்கு மக்களுக்கு ஒரு நாடு கேட்ட கட்சிக்கு ஒரு மக்களிடம்தான் செல்வாக்கு இருந்தது. ஆகவே 1963-ல் கைவிடப்பட்டது உயிரோடு இருந்த லட்சியம் என்று சொல்ல முடியாது. மாநில எல்லைகள் மாறிய 1956-லேயே அதன் உடல் போய்விட்டது. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் பேச்சில் மட்டும் இருந்தது.

அதற்கு முன்பே இந்தக் கோரிக்கையை ஒருமுறை தேர்தல் களத்தில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். 1952 பொதுத்தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை, திராவிட நாட்டை ஆதரிப்பதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த வேட்பாளர்களை ஆதரித்தது. கட்சியின் கை பதவியில் படாமல், லட்சியம் மட்டும் சட்டமன்றத்துக்குள் போகும் என்பது கணக்கு. அப்படி ஆதரவு பெற்று வென்றவர்களில் காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சி 1954-ல் காமராஜரின் அமைச்சரவையில் சேர்ந்தார். கையெழுத்துகள் காகிதத்தில் தங்கிவிட்டன. தூய்மையாக இருந்துகொண்டு லட்சியத்தைப் பிறர் தோளில் ஏற்றி அனுப்பும் வழி அத்தோடு அடைபட்டது. 1956-ல் திருச்சி மாநாட்டில் கட்சி தன் உறுப்பினர்கள் முன் பெட்டி வைத்து, தேர்தலில் நிற்கலாமா என்று வாக்கு கேட்டது. நிற்கலாம் என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பு. 1957-ல் 15 சட்டமன்ற இடங்களும் 2 மக்களவை இடங்களும் கிடைத்தன.

அந்த இரு மக்களவை உறுப்பினர்களில் ஒருவரான ஈ.வெ.கி. சம்பத்தைப் பேசாமல் இந்த முடிவை மதிப்பிட முடியாது. அண்ணாவின் ஆதரவாளர்கள் அவரைச் சீக்கிரம் கடந்துபோக விரும்புவார்கள். வழக்கின் கடினமான இடமே அவர்தான். திராவிட நாடு நடைமுறைக்கு ஒவ்வாத கனவு, தமிழ்நாட்டளவில் சிந்திப்போம் என்ற நிலைக்கு அவர் வந்தார். கட்சிக்குள் வேறு பூசல்களும் இருந்தன. அவர் வெளியேறியதற்கு இது ஒன்றே காரணமில்லை. ஆனாலும் 1961 ஏப்ரலில் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கியபோது அவர் வெளிப்படையாகச் சொன்னதைத்தான், இரண்டரை ஆண்டுகள் கழித்து, சட்டத்தின் நெருக்கடியில் தி.மு.க.வும் ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 1962 தேர்தலைக் கட்சி பழைய முழக்கத்தோடு சந்தித்தது. 50 இடங்களில் வென்றது. காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குச் சென்றார். அங்கே தம் முதல் உரையிலேயே திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டார்.

இதற்கு வலுவான பதில் ஒன்று உண்டு. 1961-லேயே அண்ணா உண்மையைச் சொல்லியிருந்தால் கட்சி உடைந்திருக்கும்; தொண்டர்களை மெல்லத்தான் திருப்ப முடியும்; சம்பத்தின் கட்சி 1962-ல் துடைத்தெறியப்பட்டு 1964-ல் காங்கிரஸில் கரைந்ததே சாட்சி என்பார்கள். இந்த வாதத்தின் கடைசிப் பகுதியை நான் ஏற்கவில்லை. சம்பத் தோற்றது அண்ணா எதிரில் நின்றதால். அதே வார்த்தைகளை அண்ணாவே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சம்பத்தின் தோல்வி சான்றாகாது. தொண்டர்களான தம்பிகள் அண்ணாவின் சொல்லுக்குச் சிறைக்குப் போனவர்கள். அவர் சொல்லியிருந்தால் கேட்டிருக்கக்கூடியவர்கள். அந்த நம்பிக்கையைப் பெற்ற தலைவருக்கு, அடைய முடியாத ஒன்றை அடைவோம் என்று அவர்களைப் பேசவிடாமல் இருக்கும் கடமையும் உண்டு. 1956-ல் பெட்டி வைத்துக் கேட்ட கட்சி, அதைவிடப் பெரிய கேள்வியை 1963-ல் பொதுக்குழுவோடு முடித்துக்கொண்டதும் இதே குறைதான்.

1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையை ஒத்திவைத்துப் போர்முயற்சிக்கு ஆதரவளித்தது. வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்ற பொருளில் அண்ணா பேசினார். அப்படியிருந்தும் மத்திய அரசு அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தத்தைக் கொண்டுவந்தது. சி.பி. ராமசாமி ஐயர் தலைமையிலான குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்தது அது. அதன்படி, இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காரணமாகக் காட்டிப் பேச்சுரிமையை வரையறுக்கலாம். தேர்தலில் நிற்பவர் அந்த ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்தார். 1963 அக்டோபர் 5 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள் கட்சியின் விதி மாறியது.

வேறு வழி இருந்ததா? இருந்தது. பெரியார் அந்த வழியில்தான் நின்றார். தேர்தலில் நிற்காத அவருடைய திராவிடர் கழகத்தை வேட்பாளர் உறுதிமொழி தொடவில்லை. தனித்தமிழ்நாட்டைப் பெரியார் கடைசிவரை பேசினார். பதவியைத் தொடாமல் வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தே அவர் சாதித்தவை சிறியன அல்ல. 1951-ல் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்ததில் தமிழகத்துக் கிளர்ச்சிக்குப் பங்கு உண்டு. 1954-ல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம் வீழ்ந்ததிலும் உண்டு. கொள்கையில் அசையாதவர் என்று நாம் போற்றும் அவரும், காமராஜர் ஆட்சிக்கு 1954 முதல் துணைநின்றபோது எதிரணியின் கைகளைக்கொண்டு வேலை வாங்கினார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நடைமுறைப் புத்தி கட்சி அரசியலுக்குள் மட்டும் இருப்பதில்லை.

எனவே தி.மு.க.வும் அப்படியே வெளியில் நின்றிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என் பதில் சுயமரியாதைத் திருமணத்தில் இருக்கிறது. புரோகிதரும் சடங்குகளும் இல்லாமல் பெரியாரின் இயக்கம் 1920-களின் இறுதியிலிருந்து திருமணங்களை நடத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படி உருவாயின. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணத்தைச் சட்டப்படி செல்லாது என்றது. மனைவி என்ற உரிமை, பிள்ளைகளின் வாரிசுரிமை, சொத்து எல்லாமே கேள்விக்குறியாயின. எத்தனை பெரிய மாநாடு கூட்டினாலும், எத்தனை ஊர்வலம் போனாலும் அந்தத் தீர்ப்பைக் கடக்க முடியாது. அதற்குச் சட்டமன்றப் பெரும்பான்மை வேண்டும். 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு அதே ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. ஏற்கெனவே நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்துச் செல்லுபடி கொடுத்தது. பெரியாரின் லட்சியத்தைச் சட்டமாக்கியது, பெரியார் ஏற்காத தேர்தல் பாதை. தனிநாட்டை விடாமல் பிடித்திருந்தால் அந்தப் பெண்களும் பிள்ளைகளும் இன்னும் எத்தனை காலம் காத்திருந்திருப்பார்கள்? என் தராசில் மிகக் கனமாக விழுவது இதுதான்.

அதே வகைச் சட்டத்தைப் பாக் நீரிணைக்கு அப்பாலும் தமிழர்கள் சந்தித்தார்கள். 1976-ல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய தமிழர் விடுதலைக் கூட்டணி, 1977-ல் 18 இடங்களை வென்று இலங்கை நாடாளுமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியானது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஜூலைப் படுகொலைகள் நடந்த அடுத்த மாதமே இலங்கை அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். கூட்டணியினர் மறுத்தார்கள், இடங்களை இழந்தார்கள். வாக்குப்பெட்டி வழியாக வந்த தமிழ்த் தலைமை அவையிலிருந்து அகன்றது. அரசியலின் மையம் ஆயுதக் குழுக்களிடம் போயிற்று.

இதைக் காட்டி, அண்ணா செய்ததை அவர்களும் செய்திருக்கலாம் என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். 1963-ல் சென்னைத் தெருக்களில் தமிழர் உடல்கள் கிடக்கவில்லை. தமிழர் வீடுகள் எரிந்த சாம்பல் ஆறுவதற்கு முன் நீட்டப்பட்ட உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தால், கூட்டணித் தலைவர்கள் தங்கள் மக்களின் முகத்தில் விழித்திருக்க முடியாது. விட்டுக்கொடுப்பதற்கும் ஒரு களம் வேண்டும். எதிர்த்தரப்பு அதைத் தோல்வியாகத் திணிக்காமல் இருக்க வேண்டும். கொழும்பு அந்தக் களத்தைக் கொடுக்கவில்லை. டெல்லி கெடுபிடியோடுதான் என்றாலும் கொடுத்தது. கட்சி தடைசெய்யப்படவில்லை, தேர்தல் நடந்தது, வென்றவர் ஆட்சிக்கு வர முடிந்தது. அண்ணாவின் முடிவைப் பாராட்டும்போது அதைச் சாத்தியமாக்கிய சூழலுக்குரிய பங்கையும் பிரித்துச் சொல்வதே நேர்மை.

தனிநாட்டை விட்ட கட்சி மொழிப் போராட்டத்தை விடவில்லை. 1963-ன் அதே நவம்பரில் ஆட்சிமொழி பற்றிய அரசியல் சட்டப் பகுதியை எரிக்கப் புறப்பட்டதற்காக அண்ணா கைதானார். 1965 இந்தி எதிர்ப்பு எழுச்சிக்குப் பிறகு 1967 தேர்தல் வந்தது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக், சோஷலிஸ்ட்டுகள், ம.பொ.சி. என்று ஒருவரோடொருவர் சேரமுடியாதவர்கள் ஓரணியில் நின்றார்கள். குலக்கல்வியைக் கொண்டுவந்த ராஜாஜியோடு அதை எதிர்த்துச் சிறைசென்றவர்கள் கைகோத்தார்கள். கணக்கு பலித்தது. மாநிலம் முழுக்கக் காங்கிரஸ் வாங்கிய வாக்குகள் தி.மு.க.வின் வாக்குகளைவிடச் சற்றே அதிகம். இடங்களோ காங்கிரஸுக்கு 51, தி.மு.க.வுக்கு 137. அந்த அணி இல்லாமல் அந்த வெற்றி இல்லை.

அந்தத் தேர்தலில் அரிசிக்காக எழுந்த முழக்கத்தை இந்த விவாதத்தின் நல்ல பக்கமாகப் பார்க்கிறேன். "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்." எங்கே போக விரும்புகிறோம், இப்போது எதைத் தர முடியும் என்ற இரண்டையும் வாக்காளரிடம் ஒரே மூச்சில், வாக்கு கேட்கும்போதே சொன்னார்கள். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுத்தார்கள். பணம் இல்லாததால் அதற்கு மேல் விரிக்க முடியவில்லை. தோல்விதான் என்றாலும், எத்தனை படி குறைந்தது என்று குடிசைவாசியும் எண்ணிக் கேட்கக்கூடிய தோல்வி. திராவிட நாட்டு விஷயத்தில் 1956-க்கும் 1963-க்கும் இடையே இந்த இரட்டைக் கணக்கைத் தொண்டர்களிடம் சொல்லவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. ஒரே தலைவர், ஒரே கட்சி. ஒரு விஷயத்தில் செய்யத் தெரிந்ததை மற்றதில் செய்யவில்லை.

அகன்ற அணியின் விலையையும் எழுதியாக வேண்டும். நில உச்சவரம்பை எதிர்த்த சுதந்திராவும் விவசாயக் கூலிகளின் செங்கொடிச் சங்கமும் ஒரே அணியில் இருந்தால், நிலம் என்று வரும்போது அந்த அணிக்கு முதுகெலும்பு இருக்காது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். சாதி ஒழிப்பை உயிர்மூச்சாகச் சொன்ன இயக்கத்தின் ஆட்சி அது. கொலை செய்தது அரசு அல்ல. அண்ணா அப்போது கடும் நோயாளி. கூலிப் பிரச்சினையை விசாரிக்க ஆணையம் அமைந்ததும், 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும், 1970-ல் உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்ததும் உண்மை. ஆனால் இவையெல்லாம் 44 உயிர்களுக்குப் பிறகு வந்தவை. தஞ்சையின் பதற்றம் அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெல்வதற்காக எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கட்சி, வென்ற பிறகு யாரை முதலில் காப்பது என்று முடிவெடுக்கத் தயங்கும். கீழ்வெண்மணி அந்தத் தயக்கத்தின்மேல் விழுந்த பழி.

1963 முடிவைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்கிறேன். கைவிட்டது சரி. இல்லாமற்போன ஒரு நாட்டை விட்டுக்கொடுத்து, இருந்த மக்களுக்குச் சட்டம் செய்யும் அதிகாரத்தைக் கட்சி பெற்றது. சுயமரியாதைத் திருமணச் சட்டமும், 1968 ஜனவரியில் வந்த இருமொழிக் கொள்கையும், 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு என்ற பெயரும் அந்த அதிகாரத்தின் பயன்கள். கைவிட்ட முறை பிழையானது. தாமதமாகவும், சட்டத்தின் மறைவிலும், முன்பே சொன்னவருக்கு உரிய மதிப்பைக் கொடுக்காமலும் நடந்தது. விற்றார்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறையே இல்லாத ராஜதந்திரம் என்பவர்களோடும் இல்லை.

வழக்கின் இன்னொரு பாதி 1963-ல் முடியவில்லை. பிரிவினையைக் கைவிட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பது அண்ணாவின் நிலைப்பாடு. அது ஒரு கடன் ஒப்பந்தம். காரணங்களைத் தீர்க்கப் பாடுபடுவோம் என்ற வாக்குறுதியின் பேரில்தான் முழக்கத்தை விடுவதற்குத் தொண்டர்கள் சம்மதித்தார்கள். தொடக்கத்தில் கடன் கட்டப்பட்டது. 1969-ல் ராஜமன்னார் குழு அமைந்தது. மத்திய மாநில உறவை ஒரு மாநில அரசே முறைப்படி ஆராயச் செய்தது அன்று புதுமை. 1970-ல் "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி" என்ற முழக்கம் வந்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. டெல்லி ஏற்கவில்லை. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியே கலைக்கப்பட்டது.

அதே ஆண்டு 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. சுயாட்சி பேசிய கட்சிக்கு இதைவிடத் தெளிவான இழப்பு இல்லை. அதன்பின் 1989-90, 1996-98, 1999-2003, 2004-13 என்று பல ஆண்டுகள் தி.மு.க. மத்திய அமைச்சரவைகளில் இருந்தது. வெறுங்கையோடு இருந்தது என்று சொல்வது அநியாயம். மண்டல் பரிந்துரைக்கும் காவிரி நடுவர் மன்றத்துக்கும் 1990-ல் துணைநின்றது. 2004-ல் தமிழ் செம்மொழியானது. அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஒரு மாநிலக் கட்சியால் தனியே ஆகாது என்பதும் சரியான வாதம்தான். ஆனால் ஒரு கட்சி எதற்காகப் பிடிவாதம் பிடித்தது என்று பார்த்தால் அதன் வரிசைமுறை தெரியும். 2004 மே மாதம் அமைச்சர்களுக்கான துறைகள் பேசியபடி கிடைக்கவில்லை என்று தி.மு.க. அமைச்சர்கள் பொறுப்பேற்காமல் நின்றார்கள். நாடே பார்த்தது, துறைகள் வந்தன. கல்வியைத் திரும்பப் பெறுவதற்காக அப்படி ஒரு பிடிவாதத்தை நாடு பார்க்கவில்லை. 1963-ல் விட்டுக்கொடுத்தது பேரம் பேசும் வலுவைச் சேர்ப்பதற்காக. அந்த வலு கைக்கு வந்த ஆண்டுகளில் அதைத் துறைகளுக்காகச் செலவழித்ததை, அண்ணாவின் பெயரால் யாரும் நியாயப்படுத்த முடியாது. நீட் தேர்வுக்கு விலக்கு கேட்டுச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பிக் காத்திருந்த நிலை அந்தக் கட்டாத கடனிலிருந்து வந்தது. அந்தக் கடனுக்குப் பொறுப்பு 1963 பொதுக்குழுவுக்கு இல்லை. அமைச்சரவையில் இருந்தும் கேட்காமல் விட்ட ஆண்டுகளுக்கே உண்டு.